வந்தாறுமூலை மத்திய கல்லூரியும் படுவான்கரைப் பிள்ளைக்கான விடுதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துச் சந்திகளில் பிள்ளைகளின் படங்களோடு பதாகைகள் கட்டப்படுவதும், அந்த வாரமே பெற்றோர்கள் பட்டினம் அமைந்த தீவான புளியந்தீவிலுள்ள பாடசாலைகளின் வெட்டுப்புள்ளியை விசாரித்துக்கொண்டு திரிவதும் வழமையாகிவிட்டன. கிராமத்துப் பிள்ளையைப் பட்டினத்துக்கு அனுப்பிவைக்கும் ஓர் ஏற்பாடாகவே இப்பரீட்சையை இன்று எல்லோரும் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். கிராமத்துக்கு அருகிலேயே நல்லதோர் இடைநிலைப் பாடசாலையைக் கட்டி, அதில் விடுதியும் அமைத்து, கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை அங்கே தங்கவைத்துப் படிப்பிப்பதற்காகத் தொடங்கப்பட்ட திட்டத்தின் ஒரு பகுதிதான் இப்பரீட்சை என்பதும், மட்டக்களப்பில் அத்திட்டத்தின் தலைசிறந்த உருவமாக வந்தாறுமூலை மத்திய கல்லூரி விளங்கியது என்பதும் இளந்தலைமுறைக்குத் தெரியாமல் போய்விட்டன. அக்கல்லூரியின் பழைய மாணவன் என்ற வகையிலும், பின்னர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

மட்டக்களப்பின் கல்வி வரலாற்றை எவர் எழுதினாலும் 1814ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரியான வண. வில்லியம் ஓல்ட் அடிகளார், மறு ஆண்டிலேயே காலமாகிவிட்டபோதிலும், அந்தக் குறுகிய காலத்துக்குள் இட்ட வித்துத்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. மட்டக்களப்பு வாயிலருகே அவருடைய சிலை நிற்கிறது, நிற்க வேண்டியதுதான். அதன் பின்னர் பெண்பிள்ளைகளுக்கென வின்சன்ட் உயர்தரப் பாடசாலையும், 1873இல் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தன. நாடு முழுவதும் பேர்பெற்ற கல்விமான்களை உருவாக்கிய இப்பாடசாலைகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த எண்ணமுமில்லை. ஆயினும் இவை யாவும் வாவி சூழ்ந்த ஒரே சிறு தீவில் அமைந்தவை, ஆங்கிலத்தில் கற்பித்தவை, கட்டணம் அறவிட்டவை. கிராமத்திலிருந்த சுயபாஷைப் பாடசாலைகளில் கட்டணம் இருக்கவில்லைதான். ஆனால் அங்கே படித்து முடித்த பிள்ளைக்கு அதற்கப்பால் ஏற ஒரு படியும் இருக்கவில்லை. மண்டூரிலோ கொக்கட்டிச்சோலையிலோ வயல் செய்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, எவ்வளவு மூளைசாலியாக இருந்தாலும், தோணியேறி வந்து பட்டினத்தில் ஒரு வீட்டில் தங்கி, கட்டணமும் கட்டிப் படிப்பதென்பது நூற்றில் ஒருவருக்கே கைகூடிய காரியம்.

இந்த நிலையை முதலில் உடைக்க முயன்றவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் கல்லடி உப்போடையில் 1929இல் அவர் தொடக்கிய சிவானந்த வித்தியாலயம், தமிழும் சமயமும் விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படக்கூடும் என்பதை நிரூபித்தது. இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றிருந்த அவருக்கு அது இயல்பான சிந்தனை. ஆனால் ஒரு துறவியின் முயற்சியாலும் ஒரு மிஷனின் நிதியாலும் எத்தனை பிள்ளைகளைத் தாங்க முடியும்? அரசாங்கம் தானே இறங்கி வந்து இடைநிலைக் கல்வியைத் தன் கடமையாக ஏற்கும்வரை மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு விடிவு வரவில்லை.

அந்த விடிவு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. அவரது தலைமையிலான விசேட கல்விக் குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்ரோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசக் கல்வி என்றதும் கட்டணம் நீக்கப்பட்டதையே நாம் நினைக்கிறோம். அதற்குச் சற்று முன்பிருந்தே கன்னங்கரா கட்டியெழுப்பத் தொடங்கிய மத்திய பாடசாலைகளே இத்திட்டத்தின் முதுகெலும்பு என்று நான் கருதுகிறேன். பட்டினங்களைத் தவிர்த்துக் கிராமப்புறங்களைத் தேர்ந்து நாடெங்கும் 54 மத்திய பாடசாலைகள் நாற்பதுகளில் அமைக்கப்பட்டன. கட்டணமின்மை, புலமைப்பரிசிலோடு கூடிய விடுதி, ஆய்வுகூடம் என்ற இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து கிடைத்ததே அப்பாடசாலைகளின் தனிச்சிறப்பு. இவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டாலும் மற்ற இரண்டும் வறிய பிள்ளைக்குப் பயன்படாமல் போகும் என்பதை அன்று அதை வகுத்தவர்கள் நன்றாகப் புரிந்திருந்தார்கள்.

மட்டக்களப்புக்கு வடக்கே, செங்கலடியைத் தாண்டியதும் வரும் வந்தாறுமூலையில் அத்தகைய ஒரு கல்லூரி அமைந்தது. மக்கள் 'நல்லையா மாஸ்டர்' என்று அன்போடு அழைத்த, சுதந்திரத்துக்கு முந்திய சட்டமன்றமான அரசாங்க சபையின் உறுப்பினராகவும் பின்னர் 1947 முதல் கல்குடாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்த திரு. வ. நல்லையா அவர்களின் முயற்சி இதிலே பெரியது. சிங்களத்தை மட்டும் உத்தியோக மொழியாக்கும் பிரேரணை 1944இல் அரசாங்க சபைக்கு வந்தபோது, தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தவர் இவரே. (இன்றைய பிள்ளைகளுக்கு அவர் பெயர் ஒரு வீதியின் பெயராகவும் ஒரு மண்டபத்தின் பெயராகவுமே தெரியும்.) இடத்தெரிவைக் கவனியுங்கள். வடக்கே வாழைச்சேனை, வாகரை, தெற்கே ஏறாவூர், மேற்கே பதுளை வீதியோரமாகக் கரடியனாறு வரை விரியும் கிராமங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் வந்தாறுமூலை நடுவில் இருந்தது. பட்டினத்தின் நிழல் படாத தூரம். ஆனால் பேருந்து போகும் பெருவீதி.

அறுபதுகளில் நான் அங்கு சேர்ந்தபோது கண்ட விடுதி ஆடம்பரமானதன்று. றங்குப் பெட்டியும் பாயும் தலையணையும் கொண்டுவந்தோம். சோறும் சொதியும் ஒரு கறியும், ஞாயிறு மட்டும் கொஞ்சம் மீன். ஆனால் மாலையில் மணி அடித்ததும் எல்லோரும் படிக்கும் மண்டபத்துக்குள் போயாக வேண்டும் என்ற ஒழுங்கு, வீட்டில் குப்பிவிளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லும் சூழலிலிருந்து வந்த எங்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. மண்டூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் வாகரைப் பிள்ளை படுத்தான். கணக்கு வராதவனுக்கு வந்தவன் சொல்லிக் கொடுத்தான். விடுதிப் பொறுப்பாசிரியர் இரவில் கையில் லாம்போடு ஒரு சுற்று வருவார். வந்தால் யார் காய்ச்சலில் கிடக்கிறான், யார் அழுகிறான் என்பது அவருக்குத் தெரியும். பெற்றோரின் கண்காணிப்பு இல்லாத பிள்ளை கெட்டுப்போய்விடும் என்று இன்று விடுதிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் அந்த லாம்பைக் கண்டதில்லை.

ஆய்வுகூடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உயர்தர விஞ்ஞானம் தமிழ்மொழியில் கற்பிக்கப்படத் தொடங்கிய காலம் அது. தமிழில் நூல்கள் போதாமையால் ஆசிரியர்கள் ஆங்கில நூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் குறிப்புச் சொல்வார்கள்; நாங்கள் எழுதுவோம். அளவியில் (திருகு பொருத்திய நீண்ட கண்ணாடிக் குழாயில்) கரைசல் துளித்துளியாக இறங்க, கீழே குடுவையில் நிறம் மாறும் அந்த ஒரு கணத்தில் திருகைப் பூட்டத் தவறினால் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வார். வயலில் நின்ற கை அந்தத் திருகைப் பிடித்துப் பழகியதும், அதே கைகள் பிற்காலத்தில் வைத்தியர்களின் கைகளாகவும் பொறியியலாளர்களின் கைகளாகவும் ஆனதும் இந்த மாவட்டத்துக்குப் புதிய அனுபவங்கள். வெளியிலிருந்து வந்த உத்தியோகத்தர்களையே பார்த்துப் பழகிய கிராமங்களுக்குத் தம்மூரவனே உத்தியோகத்தனாகத் திரும்பி வந்தான்.

விஞ்ஞானத்தோடு மட்டும் கல்லூரியின் பங்கு நிற்கவில்லை. 1943இல் அமிர்தகழியில் பிறந்த பேராசிரியர் சி. மௌனகுரு இக்கல்லூரியில் படித்துப் பேராதனைக்குச் சென்றவர். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்று, கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுவந்ததில் அவருக்குள்ள இடத்தை நான் விளக்கத் தேவையில்லை. நான் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது திசையைத்தான். அமிர்தகழி பட்டினத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து ஒரு பிள்ளை, கூப்பிடு தூரத்தில் புளியந்தீவுப் பாடசாலைகள் இருக்க, கிராமத்து அரச பாடசாலையை நாடி வந்தாறுமூலைக்குப் போயிருக்கிறது. இன்று வந்தாறுமூலையிலிருந்து பிள்ளைகள் விடியற்காலை பட்டினத்துக்குப் போகிறார்கள். அரை நூற்றாண்டுக்குள் பிள்ளைகள் போகும் வழி தலைகீழாக மாறியிருக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிபரத்தையும்விட இது தெளிவாகக் காட்டுகிறது.

1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டபோது அதற்கு இடம் கொடுத்தது இந்த மத்திய கல்லூரியின் வளவுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, விஞ்ஞானம், விவசாயம் ஆகிய இரண்டு பீடங்களோடு தொடங்கிய அது, 1986 ஒக்ரோபர் 1ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. மௌனகுரு அவர்கள் தாம் மாணவனாக நடந்த அதே மண்ணில் பின்னர் பேராசிரியராக நடந்தார். தன் வகுப்பறைகளையும் விளையாட்டுத் திடலையும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்த பாடசாலை இந்நாட்டில் வேறெத்தனை உண்டோ நானறியேன். கிழக்குக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்ததற்காக நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம்; இன்றும் மகிழ்கிறோம். பாடசாலை அதே ஊரில் இன்றும் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயமாக, கல்குடா கல்வி வலயத்தின் கீழ், நல்ல அதிபர்களும் ஆசிரியர்களும் உழைக்க நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து வந்த பிள்ளையைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் பெரியதொரு நிலையமாக இருந்த அந்தப் பழைய பணி, இடமாற்றத்தோடும் அதன்பின் வந்த யுத்த ஆண்டுகளோடும் கரைந்து போயிற்று. அதை ஈடுசெய்ய வேறெங்கும் ஒன்று கட்டப்படவில்லை என்பதே என் முறைப்பாடு.

அதன் விளைவைப் படுவான்கரையில் பார்க்கலாம். நான் அறிந்த ஒரு மாணவி உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்க விரும்பினாள். அவளுடைய ஊர்ப் பாடசாலையில் அப்பிரிவு இல்லை. விடியுமுன்னே முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வீதியில் யானை நிற்கும் காலமாகையால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் சந்திவரை கொண்டுவந்து, பேருந்து வரும்வரை கூடவே நிற்பார். பாடசாலை விட்டபின் பட்டினத்தில் பிரத்தியேக வகுப்பு. அது முடிந்து கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பும்போது தகப்பன் மறுபடியும் அதே சந்தியில் நிற்பார். இரண்டு வருடமும் இப்படியே போக, அறுவடைக் காலத்தில் தகப்பனால் வர முடியாத நாட்களில் அவளும் போகவில்லை. இறுதியில் கலைப்பிரிவுக்கு மாறினாள். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அவள் விரும்பித் தெரிந்தது அதுவன்று என்பதையே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். பெற்றோர் உயிரோடிருந்தும் படிப்பு ஒன்றுக்காகவே சிறுவர் இல்லங்களில் சேர்க்கப்பட்டிருக்கும் பிள்ளைகள் எம் மாவட்டத்தில் உள்ளனர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கென நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இல்லங்கள், அரசு மூடிவிட்ட விடுதிகளின் வேலையைச் செய்யவேண்டி வந்திருக்கிறது. மத்திய கல்லூரி விடுதியில் இருந்த பிள்ளை புலமைப்பரிசில் பெற்றவன் என்ற பெருமையோடு இருந்தான். இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு, எவ்வளவு அன்பாக நடத்தினாலும், 'இல்லத்துப் பிள்ளை' என்ற பெயர் வகுப்பறைக்குள்ளும் கூடவே வருகிறது. இதை ஓர் ஆசிரியனாக வகுப்பறையில் நின்று கண்டவன் நான்.

பாலங்களும் வீதிகளும் வந்துவிட்டனவே, இனி விடுதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படுவான்கரைக்கு வாவியைக் கடக்கும் மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டது பேருதவி; மறுப்பதற்கில்லை. ஆனால் பாலம் இரு திசைக்கும் வழிவிடும். பட்டினத்திலிருந்து வரும் ஆசிரியர் காலையில் பாலத்தால் வந்து மதியம் பாலத்தால் திரும்பிவிடுகிறார்; முன்பு துறையைக் கடக்கச் சிரமப்பட்டு ஊரிலேயே தங்கியவர்கள் மாலையில் நடத்திய மேலதிக வகுப்புகள் இப்போது இல்லை. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் நியமனம் கிடைத்தாலும், இடமாற்றம் கிடைத்த அன்றே அவர் போய்விடுவதும், அடுத்தவர் வரும்வரை பாடவேளை வெறுமையாகக் கிடப்பதும் மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்திலும் பட்டிருப்பு வலயத்தின் உட்கிராமங்களிலும் யாவரும் அறிந்த கதை. ஆகவே மாணவர் விடுதி என்று நான் சொல்லும்போது அதனோடு சேர்ந்த ஆசிரியர் விடுதியையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாப் பாடசாலைக்கும் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொடுத்துவிட்டால் போதாதா என்பது அரசியல்வாதிகள் விரும்பும் வாதம், ஏனெனில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர்ப்பலகையைத் திரைநீக்கம் செய்யலாம். ஐந்தாறு மாணவர்களோடும் ஒரே ஒரு ஆசிரியரோடும் உபகரணமில்லாத அறையில் ஒரு விஞ்ஞானப் பிரிவை நடத்துவதைவிட, படுவான்கரையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குரிய 1ஏபி வகைப் பாடசாலைகள் இரண்டைத் தெரிந்து, அவற்றுக்கு முழுமையான ஆய்வுகூடமும் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தனித்தனி விடுதியும் கொடுத்து, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லோரையும் அங்கே சேர்ப்பது சிக்கனமானது. கன்னங்கராவும் அவர் காலத்தவர்களும் நாடு வறுமையில் இருந்தபோதே செய்து காட்டிய வழி அது. அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் வலயத்துக்கும் இதே தேவை உண்டு என்பதை அங்குள்ள ஆசிரிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விடுதிக்குச் செலவாகும், உண்மை. சமையலுக்கு ஆள், பொறுப்பாசிரியருக்குக் கொடுப்பனவு, பெண்பிள்ளைகள் விடுதிக்கு நம்பகமான ஒரு மேற்பார்வையாளர், இரவுக் காவல் ஆகியன இல்லாமல் கட்டிடத்தை மட்டும் கட்டி விட்டால் சில வருடங்களில் அது நெல்மூடை அடுக்கும் இடமாகிவிடும். ஆகையால் கட்டிடத்துக்கு நிதி தேடுமுன் தொடர்செலவுக்கு மாகாணக் கல்வி அமைச்சின் வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒன்று வேண்டும். வெளிநாடுகளிலிருக்கும் பழைய மாணவர்களின் உதவியை நான் வரவேற்கிறேன். ஆயினும் அவர்கள் வழமையாக அனுப்புவது நுழைவாயில் வளைவுக்கும் சிலைக்கும் நூற்றாண்டு மலருக்கும் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் ஒரு வருட உணவுச் செலவை ஏற்பதற்குப் பெயர்ப்பலகை கிடையாது என்பதாலோ என்னவோ, அதற்கு ஆள் குறைவு.

கிழக்குப் பல்கலைக்கழகத்திடமும் ஒரு வேண்டுகோள். தமக்கு நிலம் தந்த பாடசாலைக்கு விஞ்ஞான பீடம் செய்யக்கூடிய கைம்மாறு எளிதானது: பல்கலைக்கழக விடுமுறைக் காலங்களில் தம் ஆய்வுகூடங்களை வந்தாறுமூலையினதும் அயற்பாடசாலைகளினதும் உயர்தர மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சிக்காகத் திறந்துவிடலாம். கல்லூரியின் பழைய சேர்விடாப்புகள் (மாணவரைச் சேர்த்த பதிவேடுகள்), சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், விடுதிப் பதிவேடுகள் எவையேனும் எங்கேனும் அலுமாரிகளில் எஞ்சியிருந்தால் அவற்றைத் தேடியெடுத்து எண்ணிமப்படுத்தும் பணியை வரலாற்றுத்துறை ஏற்கலாம். பிள்ளையின் ஊர், தகப்பனின் தொழில், முன்பு படித்த பாடசாலை, விலகிச் சென்ற காரணம் ஆகிய நிரல்கள் சேர்விடாப்பில் இருக்கும். எந்தக் கிராமத்திலிருந்து எந்தக் குடும்பத்தின் முதற் பிள்ளை இடைநிலைக் கல்விக்குள் காலடி வைத்தது என்பதை அவ்வேடுகள் சொல்லும்; புளியந்தீவுப் பாடசாலைகளைப் பற்றி மலர்கள் பல வந்துவிட்ட அளவுக்கு இந்தப் பக்கம் எழுதப்படவில்லை. அப்போது படித்தவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதென்றால் இப்போதே தொடங்க வேண்டும்.

அடுத்த வருடத்துக்கான மதிப்பீடுகள் தயாரிக்கப்படும் காலத்தில், மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா ஆகிய மூன்று வலயங்களிலும் விடுதி வசதி இருந்தால் விஞ்ஞானப் பிரிவில் சேர விரும்பும் பத்தாம், பதினோராம் தர மாணவர்களின் பட்டியலை அதிபர்கள் ஊடாகத் திரட்டி, அதனை மாகாணக் கல்வித் திணைக்களம் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு சுற்றுநிருபம் போதும், பணம் தேவையில்லை. இது தொடர்பாக உரிய அதிகாரிகள் தங்கள் பத்திரிகை வாயிலாகவே பதிலளிப்பார்களாயின் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
செங்கலடி.